விடுமுறை முகாமில் ஒரு பெடியன் எல்லாரையும் அடிக்கிறான், வீட்டுக்கு அனுப்புவதா வைத்திருப்பதா?

கிணற்றடி | செவ்வாய், இரவு 10.50

வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு ஆறு நாள் முகாம் நடக்கிறது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதி, ஊர்ப் பெயர் வேண்டாம். திங்கள் தொடங்கிச் சனி மத்தியானம் முடியும், பிள்ளைகள் இரவும் அங்கேயே தங்குகிறார்கள். 38 பேர், ஒன்பது வயது தொடக்கம் பதின்மூன்று வரை. பொறுப்பாக நாங்கள் ஆறு பேர், எல்லாரும் கம்பஸ் படிக்கிறவர்கள் அல்லது இப்போதுதான் முடித்தவர்கள். நாடகம், படம் கீறுதல், கிளித்தட்டு, பனையோலைப் பின்னல், வியாழன் சாட்டிக் கடற்கரை என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டோம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு பெடியன், பதினொரு வயது. திங்கட்கிழமை காலை பத்தரைக்கே பக்கத்தில் இருந்தவனின் முதுகில் தண்ணீர்ப் போத்தலால் ஒரு அடி. பின்னேரம் ஒருவன் கீறிய படத்தைக் கிழித்தான். இன்று காலை வாசிப்பு வட்டத்தில் வாங்கைக் கவிழ்த்தான், ஒரு சின்னவனின் கால்விரல் நசிந்துவிட்டது, நகம் கறுத்திருக்கிறது. தூஷணம் வேறு. இரவில் விளக்கை அணைத்தால் பாயில் கிடக்கமாட்டான், பக்கத்தில் படுத்திருப்பவனை நுள்ளுவான், போர்வையை இழுப்பான், நேற்று ஒரு மணிக்கும் கண்ணை விழித்துக்கொண்டு இருந்தான்.

நேற்று இரவு கத்திவிட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கியது ஓங்கியதுதான், இன்று முழுக்க அது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

மற்ற ஐந்து பேரில் நான்கு பேர் அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். அவனை வளர்ப்பது அம்மம்மா. நாளை மனிசிக்குப் போன் பண்ணினால் ஓட்டோவில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் மனம் வரவில்லை. அதே நேரம் அந்தச் சின்னவனின் கால்விரலைப் பார்த்தால் வைத்திருக்கச் சொல்லவும் வாய் வரவில்லை.


சைக்கிள்காரன் | செவ்வாய், இரவு 11.05

இதற்கு ஒரு இழையா? எங்கள் காலத்தில் பூவரசம் தடி ஒன்று முறித்து வைத்தால் முகாம் முழுக்க அமைதியாக இருக்கும். இரண்டு போட்டால் சரியாகிவிடும். இப்போது பிள்ளைகளைத் தொட முடியாது என்று சொல்லிச் சொல்லியே இந்த நிலைமை.


பழைய வாத்தி | செவ்வாய், இரவு 11.30

சைக்கிள்காரன் தம்பி, நான் அந்தப் பூவரசம் தடியைப் பிடித்தவன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். அடி வாங்கிய பெடியன் என் வகுப்பில் அமைதியாகத்தான் இருந்தான். மணி அடித்ததும் அந்த அடியைக் கொண்டுபோய் விளையாட்டு மைதானத்தில் தன்னைவிடச் சின்னவனிடம் இறக்கி வைப்பான். அது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று இலங்கைக் கல்வி அமைச்சு 2005இலேயே 2005/17 சுற்றறிக்கை விட்டது. அது பாடசாலைக்குத்தானே, எங்களுக்கு என்ன என்று முகாம்காரர் நினைக்கக் கூடாது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவு, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும். துன்பமோ உடல்நலக் கேடோ வரும்படி வேண்டுமென்று தாக்குவது அதன்படி குற்றம். பெற்றோர் உங்களை நம்பி ஆறு நாள் விட்டிருக்கிறார்கள், அந்த ஆறு நாளும் பொறுப்பு உங்களுடையது.

கிணற்றடி, கை ஓங்கியதற்கு நாளை அவனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். "முந்தநாள் நான் கை ஓங்கினது பிழை" என்றால் போதும். நீட்ட வேண்டாம், அவனுடைய பிழையை அதோடு சேர்த்து எண்ணவும் வேண்டாம்.


ஸ்காபரோ மாமி | புதன், காலை 6.10

நான் இங்கே கனடாவில் பதினான்கு கோடைகாலம் பிள்ளைகள் முகாமில் வேலை செய்தவள். முதல் மூன்று வருடம் உங்களைப் போலத்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரிந்தேன்.

முதலில் ஆட்கணக்கு. அமெரிக்க முகாம் சங்கம் ஒரு அளவு வைத்திருக்கிறது, ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் இரவு தங்கும் முகாம் என்றால் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர். 38 பேருக்கு ஆறு பேர் என்பது பகலில் சரி. இரவில் எத்தனை பேர் நிற்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள். குழப்படி எப்போதும் ஆள் குறைந்த நேரம் பார்த்துத்தான் வரும்.

அடுத்தது, ஒரு கொப்பி எடுங்கள். இன்று காலைக் கூட்டத்தில் முடிவு எடுக்க முதல் ஆறு பேரும் இருந்து இந்த இரண்டு நாளில் நடந்த ஒவ்வொரு சண்டையையும் எழுதுங்கள். என்ன செய்தான் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை ஒரு வரியில் எழுதினால் போதும். அதற்குச் சரியாக முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது, எத்தனை மணி, யார் பக்கத்தில், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது, இந்த நான்கையும்தான் வடிவாக எழுத வேண்டும். கிடைத்தது என்றால் பரிசு மட்டும் இல்லை, வெளியே போய் நில் என்று நீங்கள் அனுப்பியிருந்தால் அதுவும் அவனுக்குக் கிடைத்ததுதான். ஐந்து சண்டையை இப்படி எழுதினாலே ஏதாவது ஒன்று கண்ணில் குத்தும்.


அடி வாங்கினவனின் அம்மா | புதன், காலை 6.45

எல்லாரும் அடிக்கிற பிள்ளையைப் பற்றியே கதைக்கிறீர்கள். போன வருடம் ஒரு முகாமில் என் மகன் மற்றப் பக்கத்தில் இருந்தான். ஐந்து நாளும் ஒரே பெடியன் அவனை இடித்தான், பொறுப்பாளர்கள் "அவனுக்கு வீட்டில் பிரச்சினை, நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று என் பிள்ளையிடம் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளை ஏன் பொறுக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் பெடியனை வைத்திருப்பதென்றால் வைத்திருங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கால்விரல் நசிந்த சின்னவனுக்குப் பக்கத்தில் இன்று யார் நிற்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவன் வீட்டுக்குச் சொன்னீர்களா? இன்னும் சொல்லாவிட்டால் இந்த இழையை மூடிவிட்டு இப்போதே போன் எடுங்கள்.


நீலக் கழுத்துப்பட்டி | புதன், காலை 7.20

அக்கா சொன்னதற்கு ஓம் போடுகிறேன்.

சாரணர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம். 1907இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் வைத்த முதல் முகாமில் இருந்தது இருபது பெடியள்தான், அவர்களையும் நான்கு அணியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பெடியனைத் தலைவனாக்கினார். எங்கள் முகாம்கள் இன்றும் அப்படித்தான் நடக்கின்றன. 38 பேரை ஒரே கூட்டமாக நடத்தினால் குழப்படிக்காரனுக்கு 37 பேர் பார்வையாளர். அணியாக்கினால் ஆறு ஏழு பேர்தான், அவர்களுக்கும் கையில் வேலை இருக்கும், நாடகம் பார்க்க நேரம் இராது.

வேலை என்றால் உண்மையான வேலை. வாளியில் தண்ணீர் கொண்டுவருவது, பாய் சுருட்டி அடுக்குவது, சாப்பாட்டுக்கு வாழையிலை துடைப்பது. துள்ளுகிற பெடியனுக்குக் கனமான வேலை கொடுங்கள். ஆனால் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது, அங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். "நீ அடித்தாய், போய்த் தண்ணீர் அள்ளு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு எந்தப் பிள்ளையும் விரும்பித் தண்ணீர் அள்ள வராது.


மதிலோரம் | புதன், காலை 7.40

நான் பாடசாலைப் பிள்ளைகளோடு உளவளத்துணை வேலை செய்கிறவள். எட்டு மணிக்குள் என்பதால் சுருக்கமாக.

கத்தும்போது சிரிப்பது பல பிள்ளைகளுக்குப் பயத்தில் வருவது. திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை கொதித்துப்போயிருக்கும்போது "ஏன்டா செய்தாய்?" என்று கேட்காதீர்கள், அந்த நேரம் அவனுக்கே விடை தெரியாது. மற்றப் பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். அவனைப் பிடித்து இழுப்பதைவிடக் கூட்டத்தை நகர்த்துவது சுலபம். குரலைத் தாழ்த்தி, அவனுக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, "தண்ணீர் குடிக்கிறாயா, கொஞ்சம் நடக்கிறாயா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். இருபது நிமிடம் கழிந்த பிறகு கதைக்கலாம்.

தனியாகக் கதைப்பது என்றால் மற்றவர்கள் காணக்கூடிய இடத்தில், காதில் விழாத தூரத்தில். பூட்டிய அறைக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும், அது ஒருபோதும் வேண்டாம்.

எனக்கு ஒரு கேள்வி. பதினொரு வயதுப் பெடியன் முழுநாளும் ஓடி விளையாடிவிட்டு ஒரு மணிவரை நித்திரை கொள்ளாமல் இருக்கிறான் என்றால் அவன் எதற்காகவோ விழித்திருக்கிறான். எதற்கு என்று யாராவது பார்த்தீர்களா?


கிணற்றடி | புதன், இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. அடி வாங்கினவனின் அம்மா, நீங்கள் சொன்னது சுட்டது. நாங்கள் வீட்டுக்குச் சொல்லியிருக்கவில்லை. காலை ஏழரைக்குப் போன் எடுத்தால் அந்தத் தாய்க்கு ஏற்கெனவே தெரியும், இங்கே சமைக்க வருகிற ஒருவரின் தங்கை மூலம் போயிருக்கிறது. மனிசி ஏசினார், ஏசவேண்டியதுதான். பின்னேரம் வந்து மகனைப் பார்த்தார், நகத்தை மருந்தகத்தில் காட்டினோம், எலும்பில் ஒன்றும் இல்லை. சின்னவன் போகமாட்டேன் என்று அழுததால் விட்டுவிட்டுப் போனார். எங்களில் ஒருவர் சனி வரை அவன் அணியோடுதான்.

மாமி, இரவில் பெடியள் பக்கம் 22 பேருக்கு இரண்டு பேர், பெட்டையள் பக்கம் 16 பேருக்கு இரண்டு பேர். உங்கள் கணக்கில் பார்த்தால் பெடியள் பக்கம் ஒருவர் குறைகிறார். இன்று முதல் மூன்று பேர் படுக்கிறோம்.

கொப்பி எழுதினோம். எழுதி முடித்ததும் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பகலில் நடந்த ஐந்து சண்டையில் மூன்று வாசிப்பு வட்டத்தில். வட்டமாக இருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பந்தி உரத்து வாசித்து அடுத்தவனிடம் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். மூன்று தடவையும் புத்தகம் அவனுக்கு இரண்டு பேர் தள்ளி வந்துகொண்டிருந்தபோதுதான் அடி விழுந்திருக்கிறது. நான்காவது, படம் கீறும்போது, ஒவ்வொருவரும் தன் படத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று நாங்கள் சொன்ன கையோடு. ஒவ்வொரு முறையும் நாங்கள் என்ன செய்தோம்? எழுப்பி வெளியே அனுப்பினோம்! அதைத்தான் அவன் கேட்டிருக்கிறான்.

இன்று வாசிப்பு வட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு ரீச்சரைக் கூப்பிட்டுக் கதை சொல்ல வைத்தோம். பனங்காய் பொறுக்கப் போன நேரம் அவனிடம் கடகத்தைக் கொடுத்தோம், நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு வந்தான், இறக்க உதவி கேட்கவில்லை. பகல் முழுக்க ஒரு தூஷணம், அவ்வளவுதான். அதுவும் பனங்காய் காலில் விழுந்ததற்கு.


சைக்கிள்காரன் | புதன், இரவு 10.20

வாங்கைக் கவிழ்த்தவனுக்காக எல்லாப் பிள்ளைகளின் வாசிப்பையும் நிறுத்தினீர்களா? நாளைக்கு இன்னொருவனுக்குக் கிளித்தட்டுப் பிடிக்காவிட்டால் அதையும் நிறுத்துவீர்களா? அடித்தால் கேட்டது கிடைக்கும் என்று நீங்களே படிப்பித்துக் கொடுக்கிறீர்கள்.


மதிலோரம் | புதன், இரவு 10.45

சைக்கிள்காரன் அண்ணை கேட்டது சரியான கேள்வி, பகிடியாக எடுக்க வேண்டாம். அடித்த பிறகு விடுவித்தால்தான் அது பரிசு. அடிக்க முதலே அவனிடம் போய் "வாசிக்க விருப்பமில்லை என்றால் எனக்கு இப்படிக் கையைக் காட்டு, புத்தகம் உன்னைத் தாண்டிப் போகும்" என்று ஒரு வழி சொல்லிக் கொடுத்தால் அது பரிசு இல்லை, வாங்கைக் கவிழ்க்காமல் அதே விடயத்தைக் கேட்கிற வாய். உரத்து வாசிப்பதை எல்லாருக்கும் விருப்பத்துக்கு விடுங்கள், பாருங்கள், இன்னும் நான்கு பேர் கையைக் காட்டுவார்கள்.

அதோடு நசிந்த விரலுக்கு அவன் ஏதாவது ஈடு செய்ய வேண்டும், அது தனிக்கணக்கு.


பழைய வாத்தி | புதன், இரவு 11.10

ஐந்தாம் வகுப்பு தாண்டியும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் கண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் அவர்களை வகுப்பு மறந்துவிடும், அவர்களும் பின்வாங்கில் இருந்து பகிடிக்காரனாகவோ சண்டைக்காரனாகவோ ஒரு பெயர் எடுத்துவிடுவார்கள். மொக்கன் என்ற பெயரைவிடக் குழப்படிக்காரன் என்ற பெயர் ஒரு பெடியனுக்கு எவ்வளவோ மேல்.

ஆறு நாள் முகாமில் நீங்கள் அதைத் திருத்த முடியாது, முயலவும் வேண்டாம். முகாம் முடிந்து அம்மம்மாவிடம் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள், காதையும். சில வேளை ஒரு கண்ணாடி போதும்.


கிணற்றடி | வியாழன், காலை 5.35

நித்திரை இல்லாமல் எழுதுகிறேன். எங்களுக்குச் சமைக்கிற அம்மா இடியப்பத்துக்கு மா குழைக்க நான்கு மணிக்கு எழும்புவார். இன்று கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டுப் போயிருக்கிறார். இருட்டில் அவன் நிற்கிறான். தனியாக. தண்ணீர் அள்ளித் தன் படுக்கைச் சீலையைத் துவைத்துக்கொண்டு.

கிணற்றுக்கட்டு என் முழங்காலுக்கு மேல் ஒரு சாண்கூட வராது. மூன்று பேர் படுத்திருந்தோம், ஒருவருக்கும் அவன் எழும்பிப் போனது தெரியாது. அதை நினைக்க நினைக்கக் கை நடுங்குகிறது.

மதிலோரம் அக்கா, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். நித்திரை கொண்டால் நனைந்துவிடும் என்று விழித்திருந்திருக்கிறான். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம், சீலையை வாங்கி அலசிக் கொடியில் தன் சேலைக்குப் பின்னால் போட்டுவிட்டு, அடுப்படியில் இருத்திச் சுடச்சுட இடியப்பம் கொடுத்திருக்கிறார். எனக்கு மட்டும் வந்து சொன்னார். இனி என்ன செய்வது? அவனிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லவா, தெரியாததுபோல் இருக்கவா?


இரண்டு பாய் | வியாழன், காலை 6.00

இதற்காகவே கணக்குத் திறந்தேன். என் மூத்தவன் பன்னிரண்டு வயதுவரை நனைத்தான். இது சோம்பலும் இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை. பத்து வயதில்கூட இருபது பிள்ளைகளில் ஒன்றுக்கு இருக்கும் என்று டொக்டர் எங்களுக்குச் சொன்னார், உங்கள் 38 பேரில் இன்னொருவன் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது. இரவு எத்தனை மணிக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள்? பிளேன்ரீ என்றால் நிறுத்துங்கள், பால் கலந்த தேத்தண்ணியும் வேண்டாம், அது சிறுநீரைக் கூட்டும். ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள், இந்த வெயிலில் பிள்ளை காய்ந்துவிடும், பகலில் நிறையக் குடிக்க விட்டு இரவுச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள். பதினொரு மணிக்கு அவனை மட்டும் எழுப்ப வேண்டாம். அந்தப் பக்கம் படுத்திருக்கிற ஐந்தாறு பேரை ஒன்றாக எழுப்பி, இரண்டு பெரியவர்கள் ரோச் பிடித்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு, எல்லாருக்கும் போடுங்கள், தரை ஈரம் என்று காரணம் சொல்லலாம்.

தெரியும் என்று சொல்லுங்கள். மறைத்தால் அவன் நாளைக்கும் இருட்டில் கிணற்றடிக்குப் போவான். "உன் சாமான் நனைந்தால் சமையல் அம்மாவிடம் கொடு, அவர் ஒருவருக்கும் சொல்லமாட்டார்" என்று ஒரே ஒரு வரி. தோளில் தட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுங்கள்.


நீலக் கழுத்துப்பட்டி | வியாழன், காலை 6.15

கிணற்றுக்கு இன்றே வலையோ பலகையோ போட்டு மூடுங்கள், இரவு முழுக்க அந்தப் பக்கம் ஒரு மின்குமிழ் எரியட்டும். மற்றதெல்லாம் பிறகு. முகாம் தொடங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது கிணறு, எங்கள் ஊரில் எந்த வளவுக்குள் போனாலும் ஒன்று இருக்கும். வாசலுக்கு எதிரே ஒருவர் பாயைப் போட்டுப் படுங்கள், வெளியே போகிறவன் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவைப் பூட்டாதீர்கள், தீப்பற்றினால் என்ன செய்வீர்கள்?


மதிலோரம் | வியாழன், காலை 6.50

இரண்டு பாய் அம்மா எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றே ஒன்று. இப்படி நெருக்கமான பிறகு பிள்ளை சில வேளை வேறு விடயங்களும் சொல்லும். வீட்டில் யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று வந்தால் "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், துருவியும் கேட்காதீர்கள். கேட்டதை அவன் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயத்துக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இவனுக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை. நனைக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் 38 பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அந்த நான்கு இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.


கிணற்றடி | வெள்ளி, இரவு 11.20

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இன்று பின்னேரம் மறுபடி அடித்தான்.

வியாழன் நன்றாகப் போனது. இரவு எட்டு மணிக்குப் பிளேன்ரீ கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்களேதான், நிறுத்தினோம். கிணற்றை மூடினோம். சாட்டியில் கடலுக்குள் இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது என்றதைக் கேட்டான், மற்றவர்களில் இரண்டு பேர்தான் கேட்கவில்லை. வியாழன் இரவு அவனும் நித்திரை கொண்டான், நாங்களும்.

இன்று பாய் அடுக்கும்போது ஒரு பதின்மூன்று வயதுப் பெடியன் பாயை மணந்து பார்த்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் "மூத்திரப் பாய், மூத்திரப் பாய்" என்று பாட்டாகக் கட்டிவிட்டான். அடுத்த நிமிடம் இவன் அவன் மேல் இருந்தான். உதட்டில் இரத்தம்.

கூட்டத்தை நகர்த்தினோம். நான் பக்கத்தில் நின்றேன், கத்தவில்லை. அவன் சிரிக்கவுமில்லை, பூவரச மரத்தடியில் இருந்து வெகுநேரம் அழுதான். உதடு வெடித்தவனின் தகப்பனுக்குப் பத்து நிமிடத்துக்குள் போன் எடுத்து, என்ன நடந்தது, யார் முதலில் என்ன சொன்னது, நாங்கள் என்ன செய்தோம் எல்லாம் சொன்னேன், மற்றப் பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மனிசன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு "என்ரை பெடியனுக்கும் ரண்டு சொல்லுங்கோ" என்றார்.

இப்போது எங்களுக்குள் சண்டை. எல்லாருக்கும் முன்னால் இரண்டு பேரையும் நிறுத்தி ஒருவருக்கொருவர் சொறி சொல்ல வைக்க வேண்டும் என்கிறார்கள் மூன்று பேர்.


ஸ்காபரோ மாமி | சனி, காலை 5.40

வைக்காதீர்கள். எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினால் அந்தப் பாட்டைத்தான் எல்லாரும் ஞாபகப்படுத்துவார்கள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போங்கள். பெரியவனிடம் கொஞ்சம் கடுமையாகவே கதைக்கலாம், அவன் செய்ததும் அடிதான், கையால் அடிக்கவில்லை, அவ்வளவே. பாட்டு நின்றாக வேண்டும், இன்று மத்தியானம் வரை உங்களில் ஒருவர் அவனைவிட்டு விலகக் கூடாது. இவனிடம் கேளுங்கள், உதட்டுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று. அவனே ஏதாவது சொல்வான், பிள்ளைகள் நாங்கள் நினைப்பதைவிட நல்ல ஈடு கண்டுபிடிப்பார்கள்.


அடி வாங்கினவனின் அம்மா | சனி, காலை 6.05

இன்று இரண்டு பேருமே அடி வாங்கினவர்கள். ஒருவனுக்கு உதட்டில், மற்றவனுக்கு 38 பேருக்கும் முன்னால். நான் முதல் நாள் எழுதியதை மாற்றவில்லை, சேர்த்து எழுதுகிறேன்.


சைக்கிள்காரன் | சனி, காலை 7.30

பூவரச மரம் முகாமில் நிற்கத்தான் நிற்கிறது, தடி முறிக்கத்தான் ஒருவரும் இல்லை என்று பகிடி விட வந்தேன். நான்கு மணிக்குக் கிணற்றடி என்றதை வாசித்துவிட்டு விட்டுவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஒரு தம்பி இருந்தான். அப்பா ஒவ்வொரு காலையும் அடிப்பார், அவன் ஒவ்வொரு இரவும் நனைப்பான்.


கிணற்றடி | ஞாயிறு, பின்னேரம் 4.15

முடிந்தது. 38 பேரும் முழுதாக வீடு போனார்கள்.

சனி காலை அவனிடம் கேட்டேன், மாமி சொன்னபடி. வெகுநேரம் யோசித்துவிட்டு, வியாழன் கடற்கரையில் பொறுக்கி வைத்த சங்கு ஒன்றைக் கொண்டுபோய் அந்தப் பெரியவனின் பைக்கு மேல் வைத்தான். ஒரு வார்த்தையும் இல்லை. பெரியவன் எடுத்துப் பைக்குள் போட்டான். அவ்வளவுதான், கட்டிப்பிடிக்கவில்லை, நண்பர்களாகவுமில்லை. கால்விரல் நசிந்த சின்னவனின் பையை மட்டும் வாசல்வரை தூக்கிக்கொண்டு போனான், அதை ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை.

அம்மம்மாவிடம் கண் சோதனை பற்றிச் சொன்னேன், நனைவதற்கும் டொக்டரிடம் காட்டச் சொன்னேன். "வீட்டை இப்ப ஒரு வருசமா இல்லை தம்பி, புது இடம் எண்டா வரும்" என்றார். பிள்ளையை விடும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, எங்கள் படிவத்தில் பெயர், வயது, போன் இலக்கம், நீந்தத் தெரியுமா, நான்கே கேள்வி.

டிசம்பர் விடுமுறைக்கு மறுபடி வைக்கச் சொல்லி ஊரில் கேட்கிறார்கள். படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும்? அதோடு டிசம்பர் மழை, 38 பேரை மண்டபத்துக்குள் ஆறு நாள் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.


இரண்டு பாய் | ஞாயிறு, பின்னேரம் 4.40

என்ன மருந்து, எதற்கு ஒவ்வாமை, இரவில் எழும்புவாரா, நனைப்பாரா, எதற்குப் பயம், கோபம் வந்தால் வீட்டில் எப்படித் தணிப்பீர்கள். படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள், எழுதவே வெட்கப்படுவார்கள். பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து கதைத்துக் கேட்டு நீங்களே எழுதுங்கள். கடைசியில், வீட்டு நினைவு வந்தால் உடனே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். அந்த வாக்கோடு வருகிற பிள்ளை முதல் இரவிலேயே அழத் தொடங்கும்.


நீலக் கழுத்துப்பட்டி | ஞாயிறு, மாலை 6.30

டிசம்பர் என்றால் ஆறு நாளை மூன்றாக்கு, 38ஐ 24 ஆக்கு. மழை விட்ட நேரமெல்லாம் வெளியே விடு, சேறானாலும் பரவாயில்லை. உள்ளே பட்டம் கட்டலாம், அந்த நேரம் வாடைக்காற்றுத் தொடங்கியிருக்கும், ஈர்க்கும் தாளும் நூலும் போதும், பதினொரு வயதுக் கைகள் நான்கு மணித்தியாலம் அசையாமல் இருக்கும். அந்தப் பெடியனை வரச் சொல்லுவாயா?


கிணற்றடி | ஞாயிறு, மாலை 6.50

பெயர்ப் பட்டியலில் முதல் ஆள் அவன்தான். சமையல் அம்மா சொல்லிவிட்டார், அவன் வராவிட்டால் தானும் வரமாட்டாராம்.